குதிரைத் தடமும் மிதிவண்டித் தடமும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



செஞ்சி என்ற பெயரைக் கேட்டதும் தமிழ் மனத்தில் முதலில் எழுவது குதிரையின் குளம்பொலி. 1714 அக்டோபரில் ஆற்காட்டு நவாபின் படையை எதிர்த்து மடிந்த இளைஞன் தேஜ்சிங், நாட்டார் நாவில் தேசிங்கு ராஜன் ஆனான். அவன் ஆண்ட காலம் ஓர் ஆண்டுக்கும் குறைவு. ஆயினும் அவனைப் பற்றிய கதைப்பாடல் முந்நூறு ஆண்டுகளாக வாழ்கிறது. அந்தப் பாடலில் அவன் குதிரைக்குப் பெயர் உண்டு, பாராசாரி. அவன் நண்பன் மோவுத்துக்கானின் குதிரைக்கும் பெயர் உண்டு, நீலவேணி. 1960இல் அந்தக் கதை திரைப்படமாகவும் வந்தது. இரண்டு குதிரைகளின் பெயரை மறவாமல் காத்த தமிழ், அவை மிதித்து ஓடிய காட்டின் மரங்களுக்கு என்ன பெயர் என்று கேட்டால் சற்றுத் தயங்குகிறது. இந்தத் தயக்கத்தைப் பற்றியதே இவ்வுரை.

குதிரையின் மீதிருந்து பார்க்கும் பார்வை ஒன்று உண்டு. கோட்டையின் உச்சியிலிருந்து பார்க்கும் பார்வை மற்றொன்று. செஞ்சியைப் பற்றிய எழுத்தில் பெரும்பகுதி இவ்விரண்டு உயரங்களிலிருந்து எழுதப்பட்டது. மூன்றாவதாக ஓர் உயரம் இருக்கிறது. அது மிதிவண்டியின் இருக்கை. தரையிலிருந்து மூன்றடிக்குச் சற்று மேல். அந்த உயரத்திலிருந்து, கடினமுமல்லாத, எளிதுமல்லாத ஒரு காட்டுத் தடத்தில் செல்பவர் எதைக் காண்கிறார், அது கவிதைக்கு என்ன தரும் என்பதைச் சிந்திப்பது இங்கே நோக்கம்.

நடுத்தரம் என்னும் தரம்

மலைத்தடத்தில் மிதிவண்டி ஓட்டுவது ஒரு தனிக் கலையாக வளர்ந்தது அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், 1970களில். மாரின் என்னும் மாவட்டத்து இளைஞர்கள், பழைய கடைகளில் கிடந்த தடித்த சக்கரமுள்ள கனத்த வண்டிகளைத் திருத்தி, மலைமேல் கொண்டுசென்று மண் பாதையில் கீழே ஓட்டினார்கள். 1976இல் அங்கே ஒரு சரிவில் பந்தயமே தொடங்கிற்று. பின்னர் அந்த வழக்கம் உலகெங்கும் பரவியது. காட்டுக் காப்பகங்களில் மிதிவண்டிக்கென்றே தடங்கள் அமைந்தன. பனிச்சறுக்கு விளையாட்டின் முறையைப் பின்பற்றி அத்தடங்களுக்குக் குறிகளும் வந்தன. எளிய தடத்திற்குப் பச்சை வட்டம். நடுத்தரத் தடத்திற்கு நீலச் சதுரம். கடினமானதற்குக் கறுப்பு வைரம்.

அந்த நீலச் சதுரத்தின் இலக்கணம் கருதத்தக்கது. தடத்தின் அகலம் இரண்டடியேனும் இருக்க வேண்டும். சராசரி ஏற்றம் நூறடிக்குப் பத்தடியைத் தாண்டலாகாது. தவிர்க்க முடியாமல் குறுக்கே கிடக்கும் கல்லோ வேரோ எட்டு அங்குல உயரத்திற்கு மேற்படலாகாது. பச்சை வட்டத்தில் இந்த எட்டு அங்குலம் இரண்டு அங்குலமாகச் சுருங்கிவிடும். இரண்டிற்கும் எட்டிற்கும் இடையிலுள்ள ஆறு அங்குலத்தில்தான் செய்தி இருக்கிறது. இரண்டங்குலக் கல்லைப் பார்க்காமலே கடந்துவிடலாம். எட்டங்குலக் கல்லைப் பார்த்தே தீர வேண்டும். அதைப் பார்த்து, அதன் வடிவை மனத்தில் வாங்கி, உடலின் பாரத்தைச் சற்றுப் பின்னுக்குத் தள்ளி, மிதியை மேலேற்றிப் பிடித்தால்தான் வண்டி ஏறும். கடினத் தடத்திலோ அச்சம் கண்ணை மறைத்துவிடும். அங்கே கல்லைத் தவிர வேறொன்றும் தெரியாது. நடுத்தரத் தடம் கவனத்தைக் கேட்கிறது. ஆனால் கவனம் முழுவதையும் தானே விழுங்கிவிடுவதில்லை. மீதிக் கவனம் இலைக்கும் பறவைக்கும் எஞ்சியிருக்கிறது. கவிதைக்கு வேண்டிய மனநிலையும் ஏறத்தாழ இதுதான்.

வேகமும் இங்கே கருதத்தக்கது. நடப்பவர் மணிக்கு ஐந்து கிலோமீட்டர் செல்வார். பேருந்து ஐம்பது செல்லும். மண் தடத்தில் மிதிவண்டி எட்டிலிருந்து பன்னிரண்டு வரை செல்லும். ஒரே காலைப் பொழுதில் ஒரு குன்றையும், அதன் அடிவாரத்து ஏரியையும், அந்த ஏரி பாயும் கழனியையும், கழனிக்கு அப்பாலுள்ள அடுத்த குன்றையும் சேர்த்துக் காண இந்த வேகமே ஏற்றது. நடப்பவருக்கு நிலத்தின் ஒரு துண்டு கிடைக்கும். பேருந்தில் செல்பவருக்கு நிலத்தின் பெயர்ப் பலகைகள் கிடைக்கும். மிதிவண்டிக்காரருக்கு நிலத்தின் தொடர்ச்சி கிடைக்கும். 1973இல் எஸ். எஸ். வில்சன் என்னும் பொறியியல் அறிஞர் 'சயின்டிஃபிக் அமெரிக்கன்' இதழில் எழுதிய கட்டுரை ஒன்றில், தன் எடையை ஓரிடத்திலிருந்து ஓரிடம் கொண்டுசெல்லச் செலவாகும் ஆற்றலைக் கணக்கிட்டால், மிதிவண்டி ஓட்டும் மனிதன் நடக்கும் உயிர்களையெல்லாம் முந்திவிடுகிறான் என்று காட்டினார். குதிரையும் அவனுக்குப் பின்னால்தான்.

செஞ்சியின் தடம்

நீலச் சதுரப் பலகையைத் தேடிக்கொண்டு செஞ்சிக்கு எவரும் வர வேண்டியதில்லை. இங்கே மாட்டுவண்டித் தடம் உண்டு, ஏரிக்கரை உண்டு, ஆடு மேய்ப்பவர்களின் ஒற்றையடிப் பாதை உண்டு. இவற்றை இணைத்துக்கொண்டால் நடுத்தரத் தடம் தானே அமைகிறது.

திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலை செல்லும் நெடுஞ்சாலை இராஜகிரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் நடுவே கோட்டைக்குள்ளேயே புகுந்து செல்கிறது. சந்திரகிரியையும் சேர்த்து மூன்று குன்றுகளையும் வளைத்து நிற்கும் மதில் ஏறத்தாழ 13 கிலோமீட்டர். 1677இல் சிவாஜி இக்கோட்டையைக் கைப்பற்றினார். 1690 முதல் 1698 வரை அவர் மகன் இராஜாராம் இங்கிருந்து முகலாயரின் நீண்ட முற்றுகையை எதிர்த்தார். 1750இல் பிரெஞ்சுக்காரரும் 1761இல் ஆங்கிலேயரும் அடுத்தடுத்துப் பிடித்தனர். 1921இல் தேசிய நினைவுச் சின்னமாக அறிவிக்கப்பட்ட இக்கோட்டை, 2025 ஜூலையில் மராத்தியப் படைநில அமைப்புகள் பன்னிரண்டில் ஒன்றாக யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்கள் பட்டியலில் இடம்பெற்றது. அந்தப் பன்னிரண்டில் தமிழ்நாட்டில் உள்ளது இது ஒன்றே. இச்செய்திகள் அனைவரும் அறிந்தவை. மிதிவண்டிக்காரர் இவற்றை மனத்தில் வைத்துக்கொண்டு நெடுஞ்சாலையை விட்டு விலகுவதே நல்லது. சாலையில் லாரிகளின் ஓசைதான் கேட்கும்.

வடக்கே திரும்பினால் சிங்கவரம். அங்கே குன்றைக் குடைந்த கோயிலில் பாறையிலேயே செதுக்கப்பெற்ற அரங்கநாதர் பள்ளிகொண்டிருக்கிறார். அதற்கு அண்மையில் திருநாதர்குன்று. பெரும்பாறை ஒன்றின் முகத்தில் இருபத்து நான்கு தீர்த்தங்கரர்கள் இரண்டு வரிசையாக அமர்ந்திருக்கின்றனர். ஐம்பத்தேழு நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்த சந்திரநந்தி ஆசிரியரைக் குறிக்கும் கல்வெட்டு அங்கேயே இருக்கிறது. முப்பது நாள் நோன்பிருந்த இளையபட்டாரகரைக் குறிக்கும் கல்வெட்டும் உண்டு. பழஞ்செஞ்சி என்று வழங்கும் மேலச்சேரியில் பல்லவர் காலத்துக் குடைவரை ஒன்று சிவனுக்கு உரியது. சைவமும் வைணவமும் சமணமும் ஒரு காலைப் பொழுதின் மிதிவண்டித் தொலைவில் அடுத்தடுத்து நிற்கின்றன. மூன்றும் தேர்ந்துகொண்டது ஒரே வகைப் பாறையைத்தான். இருநூற்றைம்பது கோடி ஆண்டுப் பழமை உடையதாகப் புவியியலார் மதிப்பிடும் அந்தப் பாறை, வெயிலிலும் மழையிலும் வெங்காயத் தோல்போல் அடுக்கடுக்காக உரிந்து உருண்டைக் கற்களாகக் குவிந்து கிடக்கிறது. உருண்டைகளுக்கிடையே தேங்கிய ஒரு கைப்பிடி மண்ணில் ஒரு மரம் நிற்கும். செஞ்சிக் காட்டின் இலக்கணம் அதுவே.

மேற்கும் தென்மேற்குமாகச் சென்றால் பாக்கம் மலைக் காப்புக்காடு. ஆவணி, புரட்டாசியில் இந்தப் பக்கம் செல்பவர், காடு காய்ந்து கிடக்கும் என்று எண்ணிச் சென்றால் வியப்படைவார். இலையுதிர்க்கும் மரங்களோடு இலையுதிரா மரங்களும் கலந்து நிற்கும் காடு இது. சோழமண்டலக் கரையை ஒட்டிய வறண்ட நிலத்திற்கே உரிய இவ்வகையை உலர் பசுமைமாறாக் காடு என்பர் அறிவியலார். நாட்டில் இது மிகக் குறுகிய பரப்பிலேயே எஞ்சியுள்ளது. கோயில் காடுகளிலும் இத்தகைய குன்றுகளிலும் ஒதுங்கி வாழ்கிறது. மரங்கள் பெரிதாக ஓங்குவதில்லை. இலைகள் சிறியவை, தடித்தவை, மெழுகு பூசியவை போன்றவை. நீரை இழக்காதிருக்கக் கற்றுக்கொண்டவை.

ஓரத்துத் தடத்தில் செல்பவருக்குக் கண்மட்டத்தில் வருபவை இவை: உசிலை, வெப்பாலை, நுணா, காரை, சூரை, விராலி, காட்டுநாரத்தை, வீரை, சதுரக்கள்ளி. உசிலையின் இலையை உலர்த்திப் பொடித்ததே அரப்பு. பல தலைமுறைத் தமிழர் தலைமுழுகியது அதைக்கொண்டுதான். வெப்பாலையின் காய்கள் இரண்டிரண்டாக நுனி சேர்ந்து தொங்கும். அதன் மென்மையான வெண்ணிற மரத்தைக் கடைந்து பொம்மை செய்வர். நுணாவின் வேர்ப்பட்டையிலிருந்து சாயம் எடுத்தனர். சூரையின் முள்ளுக்கு மிதிவண்டியின் சக்கரம் நன்கு தெரியும். அரப்பைத் தலையில் தேய்த்துக்கொண்டே உசிலையை அடையாளம் தெரியாமல் வாழ்வதுதான் இன்றைய நிலை. பாட்டில் 'காடு' என்று ஒற்றைச் சொல்லில் எழுதிவிட்டுக் கடந்து செல்வதும் அதே நிலைதான்.

நீரின் தொடக்கம்

செஞ்சி மலைகளில் பெய்யும் மழையே சங்கராபரணி ஆறாகிறது. செஞ்சியாறு, வராகநதி என்றும் இதற்குப் பெயர்கள் உண்டு. கோடையில் மணலாகக் கிடக்கும் இந்த ஆற்றைப் பாலத்தின் மேலிருந்து பார்ப்பவர், இதற்குப் பெயர் எதற்கு என்று கேட்பார். ஆனால் வடகிழக்குப் பருவமழையில் அது பெருகும் வேகம் வேறு. தேசிங்கு போருக்குப் புறப்பட்டபோது வெள்ளமாய் நின்றதாகக் கதைப்பாடல் சொல்வது இந்த ஆறே. குன்றுகளிலிருந்து இறங்கி, வீடூர் நீர்த்தேக்கத்தில் தொண்டியாற்றோடு கூடி, வில்லியனூரைக் கடந்து, புதுச்சேரிக்குத் தெற்கே கடலில் கலக்கிறது. மொத்த நீளம் ஏறத்தாழ 80 கிலோமீட்டர்.

காட்டோரத் தடத்தில் ஐப்பசியில் ஓட்டுபவர் இந்த ஆற்றின் முதல் எழுத்துகளைக் காண்பார். பாறை இடுக்கில் கசிவு. கசிவு சேர்ந்து ஓடை. தடத்தைக் குறுக்கே வெட்டும் நான்கு விரல் ஆழ நீர். அதில் சக்கரம் இறங்கி ஏறும். மரமும் சருகும் உள்ள சரிவில் அந்த நீர் தெளிவாக, மெல்ல வரும். மரம் போன சரிவில் செந்நிறமாக, ஒரே பாய்ச்சலில் வந்து, மறுநாளே நின்றுவிடும். இந்த வேறுபாட்டைப் புத்தகத்தில் படிக்கலாம். ஆனால் ஒரே காலையில் இரண்டு சரிவுகளையும் கடந்து, ஒன்றில் சக்கரம் நனைந்தும் மற்றொன்றில் சேற்றில் புதைந்தும் அறிவது வேறு அறிவு. கீழே வீடூரில் தேங்குவதும், அப்பாலுள்ள கழனிகளில் பாய்வதும் இந்தச் சரிவுகளின் நடத்தையைப் பொறுத்தவை. பாக்கம் மலையில் ஓர் உசிலை வீழ்ந்தால் அதன் கணக்கு கடற்கரை வரை நீளும்.

வண்டிக்கு உரியவர்கள்

மிதிவண்டியைக் காட்டிற்குக் கொண்டு செல்வது புதிய பொழுதுபோக்கு என்று நகரத்தார் எண்ணலாம். இந்தப் பகுதியின் ஊர்களுக்கு அது புதிதன்று. பால்கேனைக் கட்டிக்கொண்டும், நுங்குக் குலையை ஏற்றிக்கொண்டும், சுள்ளிக்கட்டைப் பின்னிருக்கையில் குறுக்காக வைத்துக்கொண்டும் இந்தத் தடங்களில் ஓடிய வண்டி அதுவே. கியர் இல்லாத, இருபது கிலோ எடையுள்ள அந்தக் கறுப்பு வண்டி, மாரின் இளைஞர்கள் திருத்தியெடுத்த வண்டிகளுக்கு எவ்வகையிலும் இளைத்ததன்று. ஏற்றம் வந்தால் அதன் உரிமையாளர் இறங்கித் தள்ளுவார். தள்ளுவதில் அவருக்கு வெட்கம் இல்லை. நடுத்தரத் தடத்தின் முதல் ஒழுக்கமே எங்கே இறங்க வேண்டும் என்று அறிவதுதான்.

மிதிவண்டிக்குத் தமிழில் பாட்டும் உண்டு. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில், எழுத்தறிவோடு மிதிவண்டியும் கற்றுக்கொடுக்கப்பட்டது. ஆயிரக்கணக்கான பெண்கள், கல்லுடைக்கும் தொழிலாளரும் வயல் வேலை செய்வோரும், வண்டி ஏறினர். அந்த இயக்கத்தில் பிறந்த மிதிவண்டிப் பாட்டு ஊர்தோறும் பரவியது. பத்திரிகையாளர் பி. சாய்நாத் அதை ஆங்கிலத்தில் எழுதி உலகறியச் செய்தார். அங்கே வண்டிக்குப் பெயர் வைக்கவில்லை. ஓட்டிய பெண்களுக்கு ஓர் இடம் வைத்தார்கள். பாராசாரியின் பாட்டுக்கும் இந்தப் பாட்டுக்கும் இடையில் 280 ஆண்டுத் தொலைவு. குதிரையை வைத்திருந்தவன் ஒருவன். வண்டியை ஓட்டியவர்கள் ஓர் ஊர்.

வேலிக்கு வெளியே

இனி வருவது கடினமான கேள்வி. காட்டோரத் தடம் இவ்வளவு தருமானால், காப்புக்காட்டின் உள்ளேயும் தடம் வெட்டிப் பலகை நட்டால் என்ன? இவ்வாறு கேட்பவர்கள் கவிஞர்களிலும் உண்டு. கேள்வியை ஒதுக்கிவிட முடியாது. தெரியாத காட்டை யார் காப்பார்கள் என்பது அவர்கள் வாதம். அதில் உண்மை இருக்கிறது.

மறுபக்கத்தையும் நோக்க வேண்டும். 1882ஆம் ஆண்டின் வனச் சட்டம் காப்புக்காட்டில் இசைவின்றி நுழைவதையும், தீ மூட்டுவதையும், மரம் வெட்டுவதையும் குற்றமாக்கியது. அச்சட்டத்தால் முதலில் வெளியே நிறுத்தப்பட்டவர்கள் சுள்ளி பொறுக்குவோரும் ஆடு மேய்ப்போரும்தாம். அவர்களை வெளியே நிறுத்திவிட்டு, விலையுயர்ந்த வண்டியில் வருபவருக்கு மட்டும் கதவு திறப்பது எந்த நீதியிலும் அடங்காது. 2018 மார்ச் 11ஆம் நாள் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத் தீயில் சிக்கி மலையேற்றம் சென்றோர் இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதன்பின் அவ்வாண்டே மலையேற்றத்திற்கு விதிகள் வகுக்கப்பட்டன. 2024 அக்டோபரில் மாநில அரசு பதினான்கு மாவட்டங்களில் நாற்பது நடைத்தடங்களை எளிது, நடுத்தரம், கடினம் எனத் தரம் பிரித்து, வழிகாட்டிகளோடு திறந்தது. அவை நடப்பதற்கு உரியவை. சக்கரம் மண்ணை அரிக்கும் வகை வேறு. மழைக்காலத்தில் சரிவில் ஓடும் சக்கரத் தடம் அடுத்த மழைக்கு வாய்க்காலாகிவிடும். செஞ்சிக் குன்றுகளில் மண் என்பதே கைப்பிடி அளவுதான்.

ஆகவே உள்காடு உள்காடாகவே இருக்கட்டும் என்பதே இவ்வுரையின் துணிபு. ஊர்த் தடமும் ஏரிக்கரையும் காட்டின் விளிம்பும் ஒரு கவிஞரின் வாழ்நாளுக்குப் போதும். விளிம்பில் நின்று உள்ளே இருப்பதை மதிப்பதும் ஒரு பயிற்சி. உள்ளே செல்ல வேண்டிய தேவை உண்மையாகவே இருந்தால், வனத்துறையின் இசைவு பெற்று, வண்டியை வெளியே நிறுத்திவிட்டு, ஊரறிந்த ஒருவரோடு நடந்து செல்லலாம்.

பெயரேடு

செஞ்சிக்குத் தெற்கே, தென்பெண்ணைக் கரையில் உள்ளது திருக்கோவலூர். பாரி மாண்டபின் கபிலர் உயிர்நீத்த இடமாக மரபு காட்டும் பாறை அங்கே ஆற்றின் நடுவில் நிற்கிறது. குறிஞ்சிப்பாட்டில் தொண்ணூற்றொன்பது பூக்களைப் பெயர் சொல்லி அடுக்கியவர் அவர். அந்த அடுக்கைச் சிலர் அணி என்பர், சிலர் மிகை என்பர். ஒரு மலை பகைவரால் அழிவதைக் கண்டவராக மரபு போற்றும் புலவர் அவர் என்பதை நினைத்தால், அந்தப் பட்டியல் வேறு பொருள் கொள்கிறது. பெயரிட்டு வைத்ததை இழந்தால், இழந்தது இன்னதென்றேனும் தெரியும். பெயரில்லாதது போனால், போனதே தெரியாது.

இன்று செஞ்சி வட்டாரத்துக் குன்றும் காடும் அழிந்தால், அந்த அழிவைப் பாடத் தமிழ்க் கவிதையிடம் எத்தனை சொற்கள் இருக்கும்? பத்தாண்டு நிறைவைக் கொண்டாடும் இவ்வட்டம் தன்னைக் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி அது.

அதற்கு விடையாக ஒரு சிறு பணியை அவையின் முன் வைக்கலாம். பதினோராம் ஆண்டில், திங்களுக்கு ஒருமுறை, விடியற்காலையில், உறுப்பினர்கள் தத்தம் வண்டிகளோடு செஞ்சியில் கூடுவது. புதிய வண்டி வாங்க வேண்டியதில்லை. காற்றும் பிரேக்கும் சரியாக இருந்தால் போதும். பஞ்சர் ஒட்டும் பொருள்களை ஒருவர் எடுத்து வந்தால் போதும். கோடைத் தீக்காலத்தில் காட்டோரம் செல்லாமல் ஏரிக்கரையோடு நிற்பது. ஒவ்வொரு முறையும் ஒரு பெயரேட்டில் பத்துப் பெயர்களை எழுதுவது: மரம், செடி, பறவை, பாறை, ஓடை, மேடு. பெயரை அந்த ஊர்க்காரரிடமே கேட்டு, அவர் சொல்லும் வடிவிலேயே எழுதுவது. ஆண்டு முடிவில் நூற்றிருபது பெயர்கள் சேரும். கவிதை அதற்குப் பிறகு வரட்டும். வராவிட்டாலும் பெயரேடு இருக்கும்.

முந்நூறு ஆண்டுகளுக்கு முன் இரண்டு குதிரைகளின் பெயரை ஏட்டில் அன்றி நாவிலேயே காத்துத் தந்தவர்கள் இம்மண்ணின் மக்கள். அவர்களுக்கு உசிலையும் வீரையும் தெரியும். அவர்களிடம் கேட்டு எழுதுவதற்கு ஒரு மிதிவண்டியும் ஒரு விடியற்காலையும் போதுமானவை. வட்டத்தின் அடுத்த பத்தாண்டுகள் அந்த ஏட்டோடு தொடங்குமாக.